மணம் ஊட்டுதல்

மணத்தைக் குறித்த வினைகள் நம் மொழியிற் பல உள. மல்லிகை மணக்கும், சந்தனம் கமழும். இவை தம்மியல்பால் நிகழ்வன. இயல்பாக மணமில்லாத பொருளுக்கு நாம் அதனைச் சேர்க்கும்போது, ‘மணம் ஊட்டுதல்’ என்கிறோம்.

ஊட்டுதல் என்பது ‘உண்’ என்னும் வினையின் பிறவினை. உண்ணச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். உண்ட சோறு உடலோடு ஒன்றாகிவிடுகிறது. அவ்வாறே, உட்புகுந்து ஒன்றாவதையே ஊட்டுதல் என்பர். மேலே படிந்து நிற்பதைப் பூசுதல் என்பர். ஆகவே சந்தனத்தை மார்பிற் பூசினர். அகிற்புகையைக் கூந்தலுக்கு ஊட்டினர். நீராடிய மகளிர் ஈரக் கூந்தலை அப்புகையில் உலர்த்தியதைப் பழைய நூல்கள் காட்டும். புகை இழைதோறும் நுழைந்ததால், மணம் நெடுநேரம் நின்றது.

அடுக்களையில் இத்தொழிலுக்குத் தாளித்தல் என்று தனிப்பெயர் உண்டு. கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணத்தைக் கொதிக்கும் எண்ணெய் முதலில் ஏற்கிறது. பின்பு அதனைக் கறி முழுவதற்கும் கொண்டு செல்கிறது. சங்க காலத்தார் தாளிப்பைக் ‘குய்’ என்றனர். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், தாளிப்புப் புகை கண்களிற் படிய, புதுமனைவி ஒருத்தி தன் கணவனுக்குப் புளிக்குழம்பு ஆக்குகிறாள்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. மணம் பெரும்பாலும் ஒன்றன் வழியாகவே மற்றொன்றைச் சேர்கிறது. நாலடியாரின் கல்வி அதிகாரம் இதனை அழகிய உவமையாக்குகிறது. பாதிரிப் பூவை இட்டு வைத்த புதுப்பானை அப்பூவின் மணத்தை ஏற்றுத் தன்னுள் ஊற்றிய நீருக்கும் வழங்குகிறது. கல்லாதவரும் கற்றாரைச் சேர்ந்தொழுகினால் நாள்தோறும் நல்லறிவு பெறுவர் என்பது அதன் கருத்து. பானை புதிதாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பழைய வாடை ஏறிய பானை பூவின் மணத்தை எளிதில் ஏற்காது.

அறிவையும் நாம் ஊட்டுவதாகவே சொல்கிறோம். ‘அறிவூட்டல்’ என்னும் சொல் வழக்கில் உள்ளது. ஆனால் நடைமுறையில் பலவேளைகளில் அறிவைப் பூசிவிடுகிறோம். பரீட்சைக்கு முதல் நாளிரவு மனனஞ் செய்தது, மறுவாரமே உதிர்ந்துபோகிறது. பூவோடு பானை கிடந்ததுபோல், நூலோடும் நல்லாரோடும் நெடுநாட் பழகிய பிள்ளையின் கல்வியோ பிறருக்கும் பயன் தருகிறது. பூசுவதற்கு ஒரு நொடி போதும். ஊட்டுவதற்குப் பொறுமை வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இவ்வேறுபாட்டை மனங்கொள்வாராக.