நொண்டும் காலுக்குள் ஒரு நூதனம்

நொண்டுவதும் ஓர் அறிவுதான். பெரம்பலூர் விளையாட்டு அரங்கில் விடியற்காலையில் நடக்க வருகிறவர்களைக் கவனித்தால், கணுக்காலில் கட்டுச் சுற்றிக்கொண்டு விந்தி விந்தி நடப்பவர் ஒருவராவது கண்ணில் படுவார். 'நாலு நாள் வீட்டில் இருந்தால் என்ன?' என்று தோன்றும். ஆனால் அந்தக் காலைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். குதிகால் பதமாகத் தரையைத் தொடுகிறது. முழுப் பாரமும் இறங்குமுன்பே இடுப்பு லேசாகச் சாய்ந்து, மறு காலை அவசரமாக வரவழைக்கிறது. இப்படி நடக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படைத்தவன் உள்ளேயே எழுதி அனுப்பிய பாடம் அது.

அந்தப் பாடத்தின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் பச்சைமலைக்கு அடுத்த கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர், தொழுநோயாளிகளின் கை கால்களுக்காக உழைத்தார். அந்த நோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று நம்பிய காலம் அது. நோய் உணர்ச்சியைப் பறிக்கிறது, வலி தெரியாததால்தான் அவர்கள் காயத்தின் மேலேயே நடந்து காலை இழக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். நல்ல கால் நெடுந்தூரம் நடந்தால் அடி வைக்கும் விதத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். உணர்விழந்த காலுக்கு அது தெரியாது. பாரம் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து புண்ணாகும். அப்படியானால் நாம் சபிக்கும் வலி, நமக்குப் போட்ட காவல் அல்லவா?

காவல் வெளியே நிற்க, உள்ளே வேலை தொடங்குகிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றை இழுத்துக் கட்டி வைத்திருப்பவை நார்கள். பாதம் உட்பக்கமாக மடங்கினால், வெளிக் கணுக்காலில் உள்ள நார் இழுபட்டுச் சில இழைகள் அறுகின்றன. அதுதான் சுளுக்கு. சற்று நேரத்தில் வீங்குகிறது, சுடுகிறது, நீலம் பாரிக்கிறது. அந்த வீக்கத்தோடுதான் பழுது பார்க்கும் அணுக்கள் வந்து சேருகின்றன. சில அணுக்கள் சிதைந்ததை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. சில, கொலாஜன் என்ற புதிய இழையை நெய்கின்றன.

இங்கேதான் அதிசயம். முதலில் நெய்த இழைகள் வைக்கோல் போரைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவை இழுவையின் திசையில் வரிசைப்பட்டால்தான் நாருக்கு வலு. அந்தத் திசையைச் சொல்வது எது? நம் அசைவுதான்! அளவாக அசைக்க அசைக்க, இழைகள் அந்தப் பக்கம் திரும்பி அடுக்கப்படுகின்றன. வலி அடங்கிய பிறகும் மாதக்கணக்கில் இந்தத் திருத்தம் நடக்கிறது. அடியோடு அசையாமல் கிடந்தால் நாருக்குச் சேதி போவதில்லை, தசையும் மெலிகிறது.

அடிபட்ட பக்கத்தை அசைக்கவே முடியாவிட்டால்? அதற்கும் படைத்தவன் வழி வைத்திருக்கிறான். 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் குழுவினர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெறாத கைக்கும் பலம் கூடியிருந்தது! தசை வளர்ந்ததால் அல்ல. இரு பக்கத்தையும் ஆளும் மூளை கற்றுக்கொண்டதால். வலக்கையில் கட்டு இருக்கும்போது இடக்கை உழைத்தால், கட்டுக்குள் இருக்கும் கையின் பலம் அவ்வளவாகக் குறைவதில்லை.

இயங்கிக்கொண்டே ஆறும் இந்த ஏற்பாடு மனிதனுக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல. அரியலூர் மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களில் வெளிப்படும் அமோனைட்டுகளை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சுருண்ட ஓட்டைச் சுமந்து நீந்திய கடல்வாழ் உயிர்கள் அவை. உலகின் பல இடங்களில் கிடைத்த அமோனைட் ஓடுகளில், எதிரி கடித்து உடைத்த இடம் புது ஓட்டால் மூடப்பட்டு, அதற்கப்பாலும் சுருள் வளர்ந்து சென்றிருப்பதைக் காண்கிறார்கள். காயம் ஆறும்வரை அந்த உயிர் இரை தேடாமல் இருந்திருக்க முடியுமா? வாழ்ந்துகொண்டே ஆறியிருக்கிறது. மனிதன் தோன்றுமுன்பே எழுதப்பட்ட சட்டம் இது.

ஆனால் சட்டத்தில் அளவும் உண்டு. முதல் ஓரிரு நாள் காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். பிறகு உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். கைகளுக்கும் மறு காலுக்கும் வழக்கமான பயிற்சியை விடாதீர்கள். பொறுக்கக்கூடிய வலியோடு கொஞ்ச தூரம் நடக்கலாம். மறுநாள் காலை வீக்கமோ வலியோ கூடியிருந்தால் நேற்று அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுகிற வேலை. நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, எலும்பைத் தொட்டாலே உயிர் போனாலோ, சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.

சின்ன அடி உடம்புக்கு முழு விடுமுறை அல்ல. உள்ளே இரவு பகலாக வேலை நடக்கும்போது, அளவோடு அசைந்து கொடுப்பதே நாம் செய்யக்கூடிய கைம்மாறு.