படிக்காத கல்லூரிக்குக் கைதட்டலாமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கேட்டார்: "படிக்காத காலேஜுக்கு நீ ஏன்யா விசிலடிக்கிற?" சுங்குவார்சத்திரத்தில் ப்ளஸ் டூ முடிச்ச கையோட கம்பெனி பஸ் ஏறின பிள்ளைகள் எத்தனை பேர்! நைட் ஷிப்ட் சம்பளத்தில் தம்பிக்கு ஃபீஸ் கட்டுறான் ஒரு அண்ணன். தம்பி காலேஜ் கபடி ஆடினா அவன் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் கிரிக்கெட், 1904-இல் தொடங்கியது. அங்கே பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரின்னுதான் பேரு. ஆட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் 'வடக்கின் பெரும் போர்'. ஊரே கட்சி பிரிஞ்சு நிற்கும்.

இதுக்கு அமெரிக்காவில் ஒரு பெயரே உண்டு. நோட்டர் டேம், இண்டியானாவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதன் கால்பந்து அணி (நம்ம கால்பந்து இல்லீங்க, கையில தூக்கிக்கிட்டு ஓடுற பந்து!) 1925 முதல் 1946 வரை பெரும்பாலும் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில்தான் ராணுவக் கல்லூரியோடு மோதியது. திரண்டு வந்தவர்களில் பலர் அயர்லாந்து, இத்தாலி, போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையே பார்க்காதவர்கள். கத்தோலிக்கர் என்றாலே முகம் சுளித்த காலம் அது. அந்த அணி ஜெயித்தால் தாங்களே தலை நிமிர்ந்ததா நினைச்சாங்க. சுரங்க ரயிலேறி வந்ததால் அவர்களுக்குப் பெயர் 'சப்வே அலும்னி', அதாவது சுரங்க ரயில் பழைய மாணவர்கள்! டிகிரி இல்லை, டிக்கெட் உண்டு. (கைதட்டல்)

எதிரணி நண்பரே, டிகிரி வாங்கின நீங்க சொல்லுங்க. உங்க காலேஜ் கபடி டீம் கடைசியா எந்த வருஷம் ஜெயிச்சுது?