பயண சர்க்கஸ் நடத்துதல்

பயண சர்க்கஸ் என்பது நிலையான அரங்கம் இல்லாமல், கூடாரம், கருவிகள், கலைஞர்கள் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தும் நிறுவனம் ஆகும். வளையத்துக்குள் நடக்கும் சாகசங்கள் பலரும் அறிந்தவை. அந்த வளையம் அடுத்த ஊரில் மறுபடியும் எழுவதற்கு உரிமையாளர் போடும் கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எந்த ஊருக்குப் போவது, எத்தனை நாள் தங்குவது, யாரைச் சேர்ப்பது, கையிருப்பு எத்தனை மழை நாட்களைத் தாங்கும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் ஊரிலும் புதிதாக விடை காண வேண்டும். இத்தன்மையால் இத்தொழில் உத்திப் பலகை விளையாட்டுகளுக்கும் கருப்பொருளாகியுள்ளது.

பலகை விளையாட்டுகளில்

சர்க்கஸ் நடத்துவதை மையமாகக் கொண்ட விளையாட்டுகளில் 'சர்க்கஸ் டிரெயின்' (2010), 'டிரம் ரோல்' (2011) ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. முதலாவதில் ஆட்டக்காரர்கள் வட அமெரிக்க நகரங்களுக்கு இடையே இரயிலில் குழுவைக் கொண்டுசெல்கின்றனர். கிரேக்க நாட்டில் உருவான இரண்டாவது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் நடப்பதாக அமைந்தது. இரண்டிலும் கலைஞர்களைச் சேர்த்து, காட்சிக்கு ஆயத்தமாக்கி, ஊதியமும் கொடுத்து மிஞ்சுபவரே முன்னேற முடியும். சிறந்த கலைஞரைச் சேர்த்தால் காட்சி சிறக்கும். ஊதியச் சுமையும் ஏறும்.

ஜப்பானியரான கெய் காஜினோ 2019இல் உருவாக்கிய 'ஸ்கவுட்' என்னும் சீட்டு விளையாட்டும் இவ்வகையைச் சார்ந்தது. கையில் வந்த சீட்டுகளின் வரிசையை மாற்றக்கூடாது என்பது இதன் விதி. மேசையில் கிடக்கும் அணியை வெல்ல முடியாதவர், அதன் ஓரத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தம் வரிசையில் வேண்டிய இடத்தில் செருகிக்கொள்ளலாம். போட்டிக் குழுவின் கலைஞரைத் தம் பக்கம் இழுப்பதற்கு ஈடானது இது. ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதுக்கு 2022இல் இது பரிந்துரைக்கப்பட்டது. தாயம் ஆடிப் பழகியவர்களுக்கு இத்தகைய ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவாக இருப்பது வியப்பளிக்கலாம். ஆடுபுலி ஆடியவர்களுக்கு வியப்பு இராது.

தொழிலின் தோற்றம்

இன்றைய சர்க்கஸின் தொடக்கமாகக் கருதப்படுவது 1768இல் பிலிப் ஆஸ்ட்லி இலண்டனில் நடத்திய குதிரைச் சவாரிக் காட்சியாகும். வட்டமாக ஓடும் குதிரையின் மேல் நிற்பவருக்குச் சமநிலை எளிதில் கிடைக்கும் என்பதால் வட்ட அரங்கு நிலைபெற்றது. அவர் வகுத்த 42 அடி (சுமார் 13 மீட்டர்) விட்டம் உலகெங்கும் பொது அளவாயிற்று. 1825இல் அமெரிக்காவின் ஜோசுவா பர்டி பிரவுன் துணிக் கூடாரத்தைப் பயன்படுத்திய பின்னரே, நிலையான கட்டடம் இல்லாத ஊர்களிலும் காட்சி நடத்தும் வழி பிறந்தது. 1872இல் பர்னமின் குழு இரயிலில் பயணம் செய்யத் தொடங்கியபோது, சிறு ஊர்களைத் தாண்டி வருவாய் தரும் நகரங்களை மட்டும் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இந்தியாவில்

இத்தாலியரான சியாரினியின் சர்க்கஸ் 1879இல் பம்பாயில் முகாமிட்டது. அதைக் கண்ட விஷ்ணுபந்த் சத்ரே, குருந்த்வாட் அரசரிடம் குதிரைப் பயிற்சியாளராக இருந்தவர். இந்தியர்கள் சொந்தமாக சர்க்கஸ் நடத்த இன்னும் நெடுங்காலம் ஆகும் என்று சியாரினி ஏளனமாகப் பேசியதாகவும், அதைச் சவாலாக ஏற்றுச் சத்ரே களமிறங்கியதாகவும் சொல்லப்படுகிறது. 1880 மார்ச் 20 அன்று 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' முதல் காட்சியை நடத்தியது.

சத்ரேயிடம் குதிரைகள் இருந்தன. பார், ஊஞ்சல், கயிறு ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் போதவில்லை. அவர் குழு தலச்சேரிக்கு வந்தபோது, அங்கே களரியும் உடற்பயிற்சியும் கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலச்சேரி அருகே சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1904இல் அவரது மாணவரான பரியாளி கண்ணன் 'கிராண்ட் மலபார் சர்க்கஸ்' குழுவை அமைத்தார். கயிற்றின் மேல் துள்ளி ஆடுவதில் புகழ்பெற்ற கண்ணன் பொம்பாயோ, அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரை சென்றார். ஒரே ஊரிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்கள் கிளம்பியதால், இந்திய சர்க்கஸ்களின் உரிமையாளர்களிலும் பலர் மலையாளிகளாகவே அமைந்தனர்.

அவர்களுள் ஜெமினி சங்கரன் என்று அறியப்பட்ட எம். வி. சங்கரனின் தொடக்கம் கவனிக்கத்தக்கது. படைப்பணியிலிருந்து திரும்பியவரான அவர், 1951இல் நலிவுற்றிருந்த 'விஜயா சர்க்கஸ்' குழுவை நண்பர் சகாதேவனுடன் சேர்ந்து 6,000 ரூபாய்க்கு வாங்கினார். தமது பிறப்பு ராசியான மிதுனத்தின் ஆங்கிலப் பெயரை அதற்குச் சூட்டி, அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் முதல் காட்சியை நடத்தினார். புதிதாகக் கூடாரம் தைத்து ஆள் சேர்ப்பதை விட, விழுந்து கிடக்கும் குழுவை வாங்கித் தூக்கி நிறுத்துவது மலிவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2023 ஏப்ரலில் அவர் காலமானார்.

ஊர்த் தேர்வு

சர்க்கஸ் நிறுவனத்துக்குச் செலவு நாள்தோறும் வரும். வரவோ காட்சி நடந்தால் மட்டும் வரும். கலைஞர்களும் தொழிலாளர்களும் முகாமிலேயே தங்கி உண்பவர்கள். காட்சி இல்லாத நாளிலும் அடுப்பு எரிய வேண்டும். எனவே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறும் இடைவெளியே மிகச் செலவான காலம். கூடாரத்தைப் பிரிக்க, லாரிகளில் ஏற்ற, புதிய மைதானத்தில் கம்பம் நட்டுக் கேலரி கட்டப் பல நாட்கள் ஆகும். அந்த நாட்களில் நுழைவுச்சீட்டு விற்பனை கிடையாது. தூரம் குறைந்தால் லாரி வாடகை குறையும். அருகருகே இரண்டு ஊர்களில் முகாமிட்டாலோ, முதல் ஊரில் பார்த்தவர்கள் இரண்டாம் ஊரில் மறுபடி வரமாட்டார்கள்.

இதனோடு பருவமும் சேர்கிறது. கேரளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தமிழகத்தின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பள்ளி விடுமுறை, பொங்கல், ஓணம் போன்ற நாட்களில் நல்ல ஊரில் இருப்பது முக்கியம். மழை கூட்டத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. மைதானம் சேறானால் லாரி இறங்காது. காற்று பலமானால் கூடாரத்தை இறக்க வேண்டும்.

ஆண்டுதோறும் மைதானம் கிடைப்பதும் கடினமாகி வருகிறது. நகர நடுவில் பேருந்து வசதியோடு உள்ள காலியிடம் கட்டடமாகிவிடும். புறநகரில் கிடைக்கும் இடத்துக்கு மாலைக் காட்சி முடிந்து திரும்பப் பேருந்து இராது. காவல்துறை, தீயணைப்புத் துறை, உள்ளாட்சி அமைப்பு, மின்வாரியம் எனப் பல இடங்களில் அனுமதி பெற வேண்டும். ஆகவே மேலாளர் ஒருவர் குழுவுக்கு முன்பே அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவார். நுழைவுக் கட்டணத்திலும் ஓர் எல்லை உண்டு. 500 ரூபாய் வரையுள்ள சர்க்கஸ் நுழைவுச்சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. அதற்கு மேல் போனால் வரி சேரும்.

விலங்குகள் விலகியது

பலரது நினைவில் சர்க்கஸ் என்றால் சிங்கமும் புலியும்தான். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 1998 அக்டோபரில் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதைத் தடைசெய்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 2000இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2001 மே மாதம் தடையை உறுதிசெய்தது. 2011இல் இதே பட்டியலில் காளை சேர்க்கப்பட்டதுதான் பின்னர் ஜல்லிக்கட்டு வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது.

சர்க்கஸ் கூண்டுகளிலிருந்து மீட்கப்பட்ட சிங்கம், புலிகளுக்காக வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, பெங்களூரு அருகேயுள்ள பன்னேர்கட்டா போன்ற இடங்களில் மீட்பு மையங்கள் அமைந்தன. யானை 1998 பட்டியலில் இல்லாததால் சில காலம் தொடர்ந்தது. பின்னர் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சர்க்கஸ்களுக்கான அங்கீகாரத்தை விலக்கத் தொடங்கியதும் அதுவும் மறைந்தது.

தடை தொழிலை அழித்தது என்று உரிமையாளர்கள் கூறுவதுண்டு. தொலைக்காட்சி வீடு வீடாக வந்ததும், மைதானங்கள் சுருங்கியதும் அதே காலத்தில்தான் என்பதால், முழுப் பழியையும் தடையின் மீது போடுவது சரியாகாது. ஆனால் நிறுவனத்தின் கணக்கு மாறியது உண்மை. கூட்டத்தை இழுக்கும் சுமை முழுவதும் மனித உடலின் மேல் வந்தது. ஊஞ்சல் ஆட்டம், இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டம் ஆகியவை நிகழ்ச்சியின் உச்சமாயின. அவற்றுக்குத் தேர்ந்தவர்கள் குறைவு. ஆகவே வெளிநாட்டுக் கலைஞர்களை ஒப்பந்தத்தில் அழைப்பதும் பெருகியது.

சிறுவர்கள்

இத்தொழிலின் இருண்ட பக்கம் இது. உடல் வளையும் வயதிலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்ற காரணம் காட்டி, வறிய குடும்பங்களின் பிள்ளைகள், குறிப்பாக நேபாளத்துச் சிறுமிகள், நீண்ட ஒப்பந்தங்களில் சேர்க்கப்பட்டனர். விட்டுச் செல்ல வழியின்றிக் கொடுமைக்கு உள்ளானவர்களும் இருந்தனர். பச்பன் பச்சாவ் ஆந்தோலன் அமைப்பு தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் அறிவிக்கையை இரண்டு மாதங்களுக்குள் வெளியிடுமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

இதன் பிறகு கலைஞர்கள் வயது வந்த பின்னரே சேர முடியும். பள்ளிப் படிப்போடு பயிற்சியும் தரும் நிலையங்கள் இருந்தால் இது இடராக இராது. அத்தகைய முயற்சியாகக் கேரள அரசு தலச்சேரியில் 2010இல் தொடங்கிய சர்க்கஸ் கழகம் சில ஆண்டுகளிலேயே முடங்கியது.

தமிழகத்தில்

தமிழ்த் திரைப்படம் சர்க்கஸை நன்கு பயன்படுத்திக்கொண்டது. எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) படத்துக்கு உண்மையான சர்க்கஸ் குழுக்களே அமர்த்தப்பட்டன. 'பறக்கும் பாவை' (1966), 'அபூர்வ சகோதரர்கள்' (1989) ஆகியவற்றின் கதையிலும் சர்க்கஸ் இடம்பெறுகிறது.

பெரிய கூடாரம் நாள்தோறும் பல காட்சிகளுக்கு ஆயிரக்கணக்கானோரை எதிர்பார்ப்பதால், மாவட்டத் தலைநகர் அளவிலான ஊர்களையே நாடும். பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த தருமபுரி அத்தகைய ஊர். பாப்பாரப்பட்டி போன்ற பேரூராட்சிகளுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் ஏற்றது வேறொரு வகை: மக்கள் 'சைக்கிள் சர்க்கஸ்' என்று அழைக்கும் சிறு குழு. கூடாரம் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. ஊர்ப் பொதுவிடத்தில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் சில நாட்கள் தொடர்ந்து சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமிடுவார். குளிப்பதும் உண்பதும் சைக்கிள் மேலேயே. இரவில் திரைப்பாட்டுக்கு ஆட்டம், குழல் விளக்கை மார்பில் உடைத்தல், பல்லால் வண்டி இழுத்தல் ஆகியவை நடக்கும்.

இதன் வரவுமுறை பெரிய சர்க்கஸிலிருந்து மாறுபட்டது. பணம் முன்கூட்டி வராது. பார்த்தவர்கள் விரும்பிக் கொடுப்பதே வருமானம். கொடுத்தவரின் பெயரும் தொகையும் உடனே ஒலிபெருக்கியில் சொல்லப்படும். பெயர் கேட்ட பெருமையில் அடுத்தவரும் கொடுப்பார். நெல், ராகி, துணி எனக் கிடைப்பதையும் குழு ஏற்றுக்கொள்ளும். கடைசி நாளில் ஊர்ப் பெரியவர்கள் மாலையிட்டுப் பணம் குத்திய பிறகே ஓட்டுபவர் சைக்கிளை விட்டு இறங்குவார். மறுநாள் காலையில் குழு அடுத்த ஊருக்குக் கிளம்பும்.