"குட்டி யானை" வாங்கப் போகிறீர்களா?

பழைய சரக்கு வண்டி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

2005-ம் ஆண்டு டாட்டா கம்பெனி "ஏஸ்" என்ற சிறு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டே சிலிண்டர் டீசல் என்ஜின். முக்கால் டன் பாரம் சுமந்தது. மக்கள் வைத்த செல்லப்பெயர், "குட்டி யானை".

உப்பு அரிக்கும்

சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய கடற்கரை ஊர். கடற்காற்றில் உப்பு உண்டு. மீன் ஏற்றினால் உப்புத் தண்ணீரும் ஒழுகும். இரண்டும் இரும்பை அரிக்கும். மேலே புதுப் பெயிண்டு பளபளக்கும். அடியில் சேஸிஸ் இற்றுப் போயிருக்கும். குனிந்து பாருங்கள். சுத்தியலால் தட்டுங்கள். "ணங்" என்றால் நல்லது. "பொத்" என்றால் ஆபத்து! பிரேக் குழாய் துருப்பிடித்து உடைந்தால், போவது பணம் அல்ல, உயிர்!

புகை பேசும்

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் காற்று பில்டர் அடைப்பு, அல்லது இன்ஜெக்டர் கோளாறு. மேட்டில் என்ஜின் அலறியும் வேகம் கூடவில்லையா? கிளட்ச் தேய்ந்துவிட்டது.

செலவு எப்படி?

பில்டர் மாற்றுவது சிறு செலவு. கிளட்ச் நடுத்தரச் செலவு. என்ஜினைப் பிரித்தால் பெருஞ்செலவு. சேஸிஸ் இற்றிருந்தால், அந்த வண்டியே வேண்டாம்!

எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால், யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்!