உளச்சோர்வு வினாநிரலும் தமிழ் வழக்கும்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதியழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. உளச்சோர்வு என்னும் நோய்க்கோ சொல்லையன்றி வேறு அளவுகோல் இன்றளவும் வழக்கில் இல்லை. எழுதிவைத்த வினாக்களுக்கு நோயர் கூறும் விடைகட்கு எண்ணிட்டுக் கூட்டி, அத்தொகை ஒரு வரம்பைக் கடப்பின் அவரை மருத்துவரின் விரிவான ஆய்வுக்கு அனுப்புவர். இவ்வினாத் தொகுதியை ஈண்டு வினாநிரல் என்போம். இது நோயை உறுதிசெய்வதன்று. ஐயுறத்தக்காரைப் பிரித்தெடுக்கும் சல்லடையே. அச்சல்லடையின் கண்ணளவு மொழிதோறும் வேறுபடும் என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

மகப்பேற்றுக்குப்பின் தாய்மாரிடம் தோன்றும் சோர்வை அறிதற்குக் காக்சு, ஓல்டன், சகோவ்சுகி என்னும் மூவர் 1987இல் எடின்பரோ அளவையை வெளியிட்டனர். பத்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு, உச்ச அளவு 30. அவற்றுள் ஆறாவது வினா, வாழ்வின் சுமைகள் தன்மேல் ஏறி அமிழ்த்துவதாக ஆங்கிலேயர் பேசும் மரபுத்தொடரால் ஆனது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், பொருள்கள் தலைமேல் ஏறி நிற்பதாக ஒரு தாய் மருள்வாள். ‘வேலையைச் சமாளிக்க முடியாமல் திணறினீர்களா?’ என்று கேட்பின் கருத்து நிற்கும், தொடர் மறையும். மறைந்தால் இழுக்கில்லை.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க உளநூலார் கைக்கொள்ளும் முறை மறுபெயர்ப்பு ஆகும். தமிழாக்கத்தை மூலத்தைக் காணாத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்தால் பெயர்ப்பு நன்று என்பர். நல்ல முறையே, ஆயினும் தமிழைப் பொறுத்தவரை இதில் ஒரு பொறி உண்டு. ‘நம்பிக்கையின்மை’ என்று எழுதினால் இருமொழி கற்றவர் அதனைத் தவறாது மூலச்சொல்லுக்கே கொண்டு சேர்ப்பார். கற்றார் எழுதியதைக் கற்றார் படித்தனர். கல்லாதார் கேட்டு என்ன உணர்ந்தார் என்பது எங்கும் சோதிக்கப்படவில்லை. பேச்சிலோ ‘நம்பிக்கை இல்லை’ என்பது கடவுளிடத்தோ, மனிதரிடத்தோ பற்றின்மையைக் குறிப்பதே பெரும்பான்மை.

சென்னையின் தென்பாற் கடற்கரையிலுள்ள பாலவாக்கத்தை எண்ணுக. 2011இல் மாநகராட்சியுடன் இணைந்த அவ்வூரில் கடலோரம் மீனவர் குடியிருப்பும், அதற்கு அணித்தே அடுக்குமாடி வீடுகளும் உள்ளன. ‘செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குன்றியதா?’ என்னும் வினா மாடிவீட்டில் விளங்கும். மீன் விற்று வந்த அம்மையாரிடம் அதனையே படித்துக் காட்டின், ஏதோ மேடைப்பேச்சு என எண்ணுவார். ‘எதுவும் பிடிக்காம இருக்கா?’ என்றால் அக்கணமே விடை வரும். ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்ச அடைக்குது’, ‘ஒடம்பெல்லாம் அசதி’ என மக்கள் தாமே சொல்லும் தொடர்கள் வினாநிரலில் இடம்பெறத் தகுதியில்லை என யார் விதித்தார்?

பழஞ்சொல் நாடுவார்க்கும் ஒரு சொல். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கனுள் ஒன்று அசைவு. முன்னை நன்னிலை கெட்டு வருந்துதல் என உரையாளர் பொருள் காண்பர். உளச்சோர்வுக்கு எத்துணை நெருங்கிய கருத்து! எனினும் இன்று அச்சொல்லைக் கேட்பார் ஆடுதலையே நினைப்பர்.

சொல்லினும் தொடரமைப்பு நுட்பமாக வழுக்கும். ‘தூக்கம் வரவில்லையா?’ என்பார்க்கு ஒருவர் ‘ஆமாம்’ என்பர். மற்றொருவர் ‘இல்லை’ என்பர். இருவரும் உறங்காதவரே. ‘இல்லை’ என்பதைக் குறியிட்டவர் நலமுடையார் பட்டியலில் வைத்தால் பிழை யாருடையது? எதிர்மறை வினாவைத் தவிர்த்தலே தமிழில் தக்கது.

சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் நகர மக்களிடையே நடத்திய பெருங்கணிப்பில், ஒன்பது வினாக்கள் கொண்ட அமெரிக்க நிரல் பன்னிரண்டு வினாக்களாக மாற்றப்பட்டது. மூலத்தின் நால்வகை விடைக்கு மாறாக ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே அமைந்தன. மூலத்தில் 27க்கு 10 என்னும் வரம்பு, இதில் 12க்கு 4 ஆயிற்று. 2009இல் வெளிவந்த முடிவின்படி 25,455 பேருள் 15.1 விழுக்காட்டினரிடம் உளச்சோர்வு காணப்பட்டது. விடையமைப்பு மாறின் வரம்பும் புதிதாகக் காணப்படவேண்டும் என்பதற்கு இது சான்று.

வினாத்தொகையும் மதிப்பெண்ணும் மாறாதவிடத்தும் வரம்பு மாறும் என்பதை வேலூர் காட்டியது. எடின்பரோ அளவையில் ஆங்கிலத் தாய்மார்க்கு 12க்கும் 13க்கும் இடையே வரம்பு வைத்திருந்தனர். அதன் தமிழ் வடிவைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் தாய்மாரிடம் சோதித்து, மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்டு, 2005இல் முடிவை வெளியிட்டனர். பொருந்திய வரம்பு 8க்கும் 9க்கும் இடைப்பட்டதாக இருந்தது. அவ்வரம்பில் நோயுற்றாருள் 94.1 விழுக்காட்டினர் அகப்பட்டனர், நோயற்றாருள் 90.2 விழுக்காட்டினர் சரியாக விலக்கப்பட்டனர். எனவே ஆங்கில வரம்பை அப்படியே கடன்கொண்ட செவிலியர் ஒருவர், பத்து அல்லது பதினொன்று பெற்ற தாயை நலமென்று கருதிக் கைக்குழந்தையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்நிரலின் இறுதி வினா தற்கொலை எண்ணம் பற்றியது என்பதை நினைவிற்கொள்க.

மருத்துவர் எண்ணைச் சரிசெய்தனர்; சொல்லைச் சரிசெய்யும் பணி நம்மைச் சார்ந்தது. வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்துவரும் தமிழ்த்துறையினர் உழவுச் சொல்லும் மீன்பிடிச் சொல்லும் திரட்டுவதோடு, ஒவ்வொரு வட்டாரத்தாரும் துயரை எச்சொல்லாற் சொல்கின்றனர் என்பதையும் கேட்டு எழுதுவாராக. பாலவாக்கத்துக் குப்பத்திலேயே தொடங்கலாம்.