குன்றலும் மிகையும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘குன்றக் கூறல்’ என்பதை முதலிலும் ‘மிகைபடக் கூறல்’ என்பதை அடுத்தும் வைத்தார் நன்னூலார். கார் தெரிவுக்கும் இவ்விரண்டே உரைகல் என்பேன்.

2020 மார்ச்சில் தடைப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டபின், பதுளை ஆசிரியர் சிலர் என்னிடமும் இதுபற்றி வினவுகின்றனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் ஆக்கப்பெற்ற மொறிஸ் மைனரை இன்றும் போற்றுவோர் உளர். பற்றறி சோர்ந்தால் கைப்பிடி சுழற்றி எஞ்சினை எழுப்பலாம். அமைப்பு எளிதாதலின் ஊர்க் கராஜிலேயே திருத்தலாம்.

ஆயினும், எளிமையெல்லாம் நிறைவன்று. அவ்வண்டியில் காற்றுப்பை இல்லை. சில்லு இறுகி வழுக்காது காக்கும் பிரேக் முறையும் இல்லை. மழைநாளில், பசறை வீதி வளைவுகளில், அவை அணியல்ல, உயிர்க்காவல். இது குன்றல். புதிய வண்டிகள் சிலவற்றிலோ குளிர்காற்றைக் குறைப்பதற்கும் தொடுதிரையைத் தடவவேண்டும். கண் பாதையை விட்டகலும். இது மிகை.

ஆதலின், ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி, ‘இஃது உயிரைக் காக்குமா? பழுதுற்றால் பதுளையிலே திருத்தலாமா?’ என வினவுக. முன்னதற்கு ‘ஆம்’ எனின் கொள்க. பின்னதற்கு மட்டும் ‘ஆம்’ எனின் கைப்பொருள் நோக்கித் துணிக. இரண்டிற்கும் ‘இல்லை’ எனின் தள்ளுக. கடன்பட்டு வாங்கும் ஆசிரியர்க்கு மிகை வெறும் அழகன்று. மாதந்தோறும் செலுத்தும் வட்டி.