இன்சுலின் போட்டா குண்டாயிடுவோமா? எலியின் கொழுப்பு செல் சொன்ன பதில்!

"டாக்டர் இன்சுலின் போடச் சொல்லிட்டார்... ஆனா போட்டா உடம்பு ஏறிடுமாமே?" சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் இருக்கும் பயம் இது. இந்த பயத்திலேயே ஊசியை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. உண்மையில் கொழுப்பு செல்லுக்குள் இன்சுலின் என்னதான் செய்கிறது?

எலியில் கிடைத்த விடை

அமெரிக்க விஞ்ஞானி மார்ட்டின் ராட்பெல், எலியின் கொழுப்புத் திசுவை ஒரு நொதியின் உதவியால் பிரித்து, கொழுப்பு செல்களை மட்டும் தனியாக எடுத்தார். கொழுப்பு லேசானது என்பதால் அந்த செல்கள் திரவத்தின் மேலே மிதந்தன. அவற்றுக்கு குளுக்கோஸும் இன்சுலினும் கொடுத்தபோது, செல்கள் குளுக்கோஸை கூடுதலாக இழுத்து கொழுப்பாக மாற்றின. 1964-ல் இந்த ஆய்வு வெளியானது. பின்னாளில் வேறொரு கண்டுபிடிப்புக்காக, 1994-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவர்தான்.

இன்சுலின் பார்க்கும் 3 வேலைகள்

1. கதவைத் திறக்கும்: செல்லுக்குள் இருக்கும் 'குளுட்-4' என்ற புரதத்தை மேற்பரப்புக்கு வரவைக்கும். அதன் வழியாக குளுக்கோஸ் உள்ளே நுழையும்.

2. சேமிக்க வைக்கும்: ரத்தத்தில் வரும் கொழுப்பை உடைத்து செல்லுக்குள் அனுப்பும் நொதியைத் தூண்டும். உள்ளே அது மீண்டும் கொழுப்பாகச் சேரும்.

3. பூட்டு போடும்: சேர்த்த கொழுப்பைக் கரைக்கும் நொதிகளை அடக்கி வைக்கும்.

எல்லா உயிரினத்துக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. கோழிக்கு புதிய கொழுப்பு பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகிறது. பன்றிக்கு கொழுப்புத் திசுவிலேயே உருவாகிறது. ஆடு, மாடுகள் குளுக்கோஸைவிட, இரைப்பையில் தீவனம் நொதித்துக் கிடைக்கும் அசிட்டேட்டை வைத்தே கொழுப்பு தயாரிக்கின்றன. மனிதர்களுக்கோ, கொழுப்பு செல்லில் சேர்வதில் பெரும்பகுதி உணவில் வரும் கொழுப்புதான். ஆக, நம் உடம்பில் இன்சுலினின் 2-வது, 3-வது வேலைகள்தான் ரொம்ப முக்கியம்.

பூட்டு இல்லைன்னா என்ன ஆகும்?

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில், முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14. அப்போது அவரது எடை சுமார் 29 கிலோ மட்டுமே! இன்சுலின் இல்லாததால் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தானே கரைத்துக்கொண்டிருந்தது. இப்படி கட்டுப்பாடின்றி கரையும் கொழுப்பு, கல்லீரலில் கீட்டோன்களாக மாறி ரத்தத்தை அமிலமாக்கும். இது உயிருக்கே ஆபத்து.

அப்போ எடை ஏறுவது ஏன்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது, சாப்பிட்டதில் ஒரு பகுதி சிறுநீரில் வீணாகப் போகிறது. இன்சுலின் ஆரம்பித்ததும் அது உடம்பிலேயே தங்குகிறது. இழந்த எடை திரும்புகிறது. அதற்கு மேலும் ஏறினால் உணவு, நடைப்பயிற்சி, டோஸ் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

இதையும் கவனியுங்க: தினமும் ஒரே இடத்தில் ஊசி போட்டால், அங்கேயே கொழுப்பு சேர்ந்து கட்டி போல தடிக்கும். அதில் போடும் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆனால், எடை ஏறுதேன்னு இன்சுலினை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க!